பத்து வயதில் ஒரே ஆட்டம்

என் பேரனுக்குப் பத்து வயது. ஆம்பூரில் வாரம் ஆறு நாள் கிரிக்கெட் பயிற்சி, அதிலும் வேகப்பந்து மட்டும். போன மாதம் முழங்கை வலிக்கிறது என்றான். எலும்பு வளரும் வயதில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி, ஆறு வாரம் பந்து வீசக் கூடாது என்றார் டாக்டர். பையனை விட மாப்பிள்ளைதான் அதிகம் வாடிப்போனார். "அதுக்குள்ள மத்தப் பசங்க முந்திடுவாங்களே மாமா" என்கிறார்.

அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஷூ கம்பெனியில் ஷிப்டு பார்க்கிற மனிதர். விளையாட்டு ஒதுக்கீட்டில் மகனுக்கு ஒரு அரசு வேலை கிடைத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார். பக்கத்திலேயே உதாரணமும் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம், முன்னாள் ராணுவ வீரரும் பளுதூக்குபவருமான தன் அப்பாவிடம் பழகி, 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். கிளாஸ்கோவில் தூக்கியது மொத்தம் 328 கிலோ. ஒன்றையே பிடித்தால்தான் ஜெயிக்கலாம் என்பது மாப்பிள்ளையின் வாதம்.

ஜெயித்தவர் நம் கண்ணுக்குத் தெரிகிறார். கை வலித்து வீட்டோடு நின்றுபோன பையன்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. முப்பத்தைந்து வருஷம் பதிவேடு எழுதினவன் சொல்கிறேன்.

எம்.ஜே. கோபாலனை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசினார். 1935-ல் தியான் சந்தோடு நியூசிலாந்துக்கு ஹாக்கி ஆடப் போனார். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கும் இங்கிலாந்து கிரிக்கெட் பயணமும் ஒன்றாக வந்தன. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் அவரை இறக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கத்தோடு திரும்பியது.

"பார்த்தீங்களா, ரெண்டு படகுல கால் வெச்சா இதான்" என்றார் மாப்பிள்ளை. ஆனால் கோபாலன் ஒன்றை விட நேர்ந்தது இருபத்தாறு வயதுக்கு மேல். பத்து வயதில் அல்லவே!

ஜிம்னாஸ்டிக்ஸ் போலச் சிலவற்றைச் சீக்கிரமே பிடித்தாக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கிரிக்கெட் அந்த வகை இல்லை. புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, ரெக்ரெயசியோன் மணி அடித்தால் பந்து, பம்பரம், கோலி, கிட்டிப்புள். மாலையில் பெரியவர்கள் ஆடும் பெத்தாங்க் குண்டுகளைப் பொறுக்கிக் கொடுப்போம். எங்களில் ஒருவரும் சாம்பியன் ஆகவில்லை. முழங்கைக்குக் கட்டுப் போட்டவரும் இல்லை.

பேரன் இப்போது தெருப் பிள்ளைகளோடு பாலாற்று மணலில் கால்பந்து ஆடுகிறான். ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறான். கை சரியானதும் வாரம் மூன்று நாள் கிரிக்கெட், மற்ற நாள் அவன் இஷ்டம் என்று மாப்பிள்ளையிடம் மனுப் போட்டிருக்கிறேன். கோப்பு நிலுவையில் இருக்கிறது.