சம்பளச் சீட்டும் தாலிக்கொடியும்

டிக்கோயாப் பகுதியிலிருந்து ஒரு தந்தையார் நமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். மகள் ஆசிரியை. சென்ற ஆவணி மாதத்தில் ஹட்டன் நகரில் அவளுடைய திருமணம் இனிது நிறைவேறியது. மாப்பிள்ளையும் மலையகத்துப் பிள்ளையே. லண்டன் மாநகரில் நிரந்தர வதிவிட உரிமை பெற்று, ஒரு முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறார். மூன்று வார விடுமுறை தீர்ந்ததும் அவர் விமானம் ஏறிவிட்டார். மகளோ இன்னும் தந்தையின் வீட்டிலேயே இருக்கிறாள். மாப்பிள்ளையின் வருவாய் அந்நாட்டுச் சட்டம் கேட்கும் தொகைக்கு எட்டவில்லை என்பதே காரணம். “தாலி கட்டிய மனைவியைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள ஒருவன் சம்பளக் கணக்குக் காட்ட வேண்டுமென்பது எந்த ஊர் நியாயம் ஐயா?” என்று கேட்கிறார் பெரியவர்.

நியாயத்தைப் பற்றிச் சற்றுப் பொறுத்துப் பேசுவோம். எந்த ஊர் என்பதற்கு மட்டும் உடனே விடை கூறிவிடலாம். நம் ஊரேதான். பெரியவரின் தந்தையாரோ பாட்டனாரோ உயிருடன் இருப்பின், இக்கேள்விக்கு நம்மை விட நன்றாக விடையிறுப்பர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அடுத்த ஆண்டில், 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இழந்ததைத் திரும்பப் பெற விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்றது அது. 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வசித்திருத்தல் வேண்டும். அதன்பின் விண்ணப்பிக்கும் நாள் வரை அவ்வாறே வசித்திருத்தலும் வேண்டும். நம் மக்கள் இந்த ஆண்டுக் கணக்கைத்தான் பெரிதும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பெரியவரின் கேள்விக்குரிய இடம் அவைதாம்.

முதலாவது வருமானம். விண்ணப்பதாரர் தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காப்பாற்றத்தக்க நிச்சயமான வருமானமோ, தகுந்த தொழிலோ, சட்டத்துக்கு ஒத்த வேறு ஜீவனோபாயமோ உடையவராதல் வேண்டும். இது கேட்பதற்குக் கொடியதாகத் தோன்றினும், தோட்டத் தொழிலாளிக்கு அவ்வளவு கொடியதன்று. எத்தனை ரூபாய் என்று சட்டம் கூறவில்லை; தொழில் உண்டென்றாலும் போதும் என்றது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றவனுக்கும் நின்றவளுக்கும் செக்ரோலில் பேர் விழுந்திருந்தது. தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் உழைப்புக்கே ‘ஒரு பேர்’ என்றுதானே வழக்கு! அந்தப் பேர்களைக் கூட்டினால் அவன் எத்தனை ஆண்டு இம்மண்ணில் உழைத்தான் என்பதும் விளங்கிவிடும்.

இரண்டாவது நிபந்தனையே குடும்பத்தின் நெஞ்சில் கை வைத்தது. விண்ணப்பதாரர் மணமான ஆணாயின் அவர் மனைவியும் இங்கே வசித்திருத்தல் வேண்டும். 1952இல் திருத்தப்பட்ட வாசகப்படி, மணமாகி ஓராண்டு நிறைவதற்குள் அவள் இந்நாட்டுக்கு வந்து, அன்று தொட்டு இடையறாது இங்கேயே இருந்திருக்க வேண்டும். அவரைச் சார்ந்த சிறு பிள்ளைகளும், பிறந்து ஓராண்டுக்குள் வந்து இங்கேயே வளர்ந்திருக்க வேண்டும். கணவன் இங்கே இருபது ஆண்டு கொழுந்துக் காட்டில் நின்றவனாயினும், மனைவியின் வசிப்பில் ஓர் இடைவெளி காணப்பட்டால் அவனுடைய விண்ணப்பமே சாயும்.

நம் குடும்பங்களின் நடைமுறையை எண்ணிப் பாருங்கள். பெண் எடுக்கத் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் போவார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புவார்கள். மாமியார் நோயுற்றால் மருமகள் ஊரில் தங்கிப் பணிவிடை செய்வாள். 1939 ஆகஸ்டில், உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதை இந்திய அரசு தடை செய்தது. பின்னே உலக யுத்தம் வந்தது. 1949 நவம்பர் 1ஆம் தேதி முதல் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்து, அதுகாறும் தலைமன்னாருக்குக் கப்பல் சீட்டு மட்டும் வாங்கி வந்தவர்களிடம் விசாவும் கேட்கத் தொடங்கிற்று. ஒரு பயணத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத பிரிவைச் சட்டம் பொறுத்துக்கொண்டது உண்மையே. ஆனால் பிரசவமும் நோயும் கடலும் பஞ்சாங்கம் பார்த்தா வருகின்றன?

இதனினும் கசப்பான செய்தி ஒன்றுண்டு. ஊரிலிருந்த தாய் தந்தையருக்கும் மனைவி மக்களுக்கும் தொழிலாளி பணம் அனுப்பினான். நாணயக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அதற்கென அவன் ஒப்பமிட்ட தாளே, ‘இவன் இங்கு நிலையாக வாழும் எண்ணமில்லாதவன்’ என்பதற்குச் சாட்சியாக விசாரணையில் எடுத்துக்காட்டப்பட்டதும் உண்டு. குடும்பத்தைக் காப்பாற்ற வருமானம் உண்டா என்று ஒரு பிரிவு கேட்கும். அந்த வருமானத்தைக் கொண்டு அவன் குடும்பத்தைக் காப்பாற்றினால், அதுவே வேறொரு பிரிவில் குற்றமாக நிற்கும்! சட்டம் வரைந்தவர்கள் இதனை எண்ணித்தான் வரைந்தார்களா என்று நாம் பலமுறை வியந்ததுண்டு.

விண்ணப்பிக்கும் காலம் 1951 ஆகஸ்டில் முடிந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரின் பொருட்டு ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. பதினோராண்டுக்கு மேல் விசாரணை நடந்து, சுமார் 1,34,000 பேரே பிரஜைகளாயினர். எஞ்சியோர் கதை 1964இல் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தமாகத் தொடர்ந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை நீண்டது. இடையில் ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டவனாகவும் தம்பி வேறு நாட்டவனாகவும் ஆன கூத்தை இப்பகுதியில் முன்னரே பேசியிருக்கிறோம்.

தள்ளப்பட்டோரில் பலர் உழைப்பில் குறைந்தவரல்லர், தஸ்தாவேஜில் குறைந்தவரே. கோவில் முன்றிலில் நடந்த திருமணம் பதிவேட்டில் ஏறவில்லை. பிறப்புப் பதிவில் ஒரு பெயரும் செக்ரோலில் வேறொரு பெயரும் இருந்தன. ராமாயி ஓரிடத்தில் ராமாய், மற்றோரிடத்தில் ரமாயம்மா. இதனை நாம் பழங்கதையாகச் சொல்லவில்லை. இன்று வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் மலையகக் குடும்பங்கள் தடுக்கி விழும் இடமும் பெரும்பாலும் இதுவே.

நிற்க. பெரியவரின் மருமகனிடம் வருவோம்.

பிரித்தானியாவில் வாழ்பவர் தம் கணவனையோ மனைவியையோ வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கு 2012 ஜூலையில் ஆண்டுக்கு 18,600 பவுன் வருமானம் விதிக்கப்பட்டது. இதனை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் சென்றனர். 2017இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், விதி சட்டத்துக்கு முரணானதன்று எனினும் குழந்தைகளின் நலன் போதிய அளவு கருதப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில் தொகை 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கு நிர்ணயிக்கப்பட்ட மிகக் குறைந்த கூலி மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாது உழைத்தாலும் 25,400 பவுனை எட்டாது. சட்டம் வகுத்த கூலியை வாங்கி முழுநேரம் உழைப்பவன், சட்டம் வகுத்த கணவனாகத் தகுதி பெறமாட்டான். நியாயத்தைப் பற்றிப் பெரியவர் கேட்டாரல்லவா? நம் கருத்து இந்த ஒரு கூட்டல் கணக்கில் அடங்கிவிடுகிறது.

ஆயினும் கணக்கை வெறுத்து ஒதுக்குவதால் பயனில்லை. பற்றாக்குறை 3,600 பவுன் அளவே. வாரத்துக்கு ஆறு மணி நேர மேலதிக வேலை கிடைப்பின் அது நிரம்பிவிடும். இரண்டாவது வேலையின் வருமானத்தையும் கூட்டலாம். ஒரே இடத்தில் ஆறு மாதம் வேலை செய்த சம்பளச் சீட்டுகளும், அதே தொகைகள் வங்கியில் விழுந்த பதிவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கையில் ரொக்கமாகப் பெற்று வங்கியில் இடாத கூலி எத்தனை நேர்மையானதாயினும் இங்கு கணக்கில் ஏறாது. வலுவிழந்தோருக்கான சில உதவிப் பணமும், அவர்களைப் பராமரிப்போருக்கான உதவிப் பணமும் பெறுவோருக்கு இந்த 29,000 நிபந்தனை இல்லை. குடும்பத்தை நடத்தப் போதிய வழி உண்டென்று காட்டினால் போதும்.

மகள் இங்கே ஆசிரியையாக வாங்கும் சம்பளத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அவளுடைய சேமிப்பை எடுப்பார்கள். இதில்தான் பெரியவர் நம்மைக் கலங்கச் செய்துவிட்டார். தம் சேமலாப நிதிப் பணம் முழுவதையும் மகள் பெயரில் வைப்பிலிட்டுவிடலாமா என்று கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் ஐயா! நன்கொடையாகக் கிடைத்த பணமும் ஆறு மாதம் கணக்கில் கிடந்தால் ஏற்கப்படும் என்பது உண்மை. கடனாக வாங்கியது மட்டுமே ஆகாது. ஆனால் முதல் 16,000 பவுன் எண்ணிக்கையிலேயே சேராது. பவுன் ஒன்றுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதுவே 64 லட்சம் ரூபாய். அதற்கு மேற்பட்ட தொகையிலும், குறையும் ஒவ்வொரு பவுனுக்கும் இரண்டரைப் பவுன் காட்ட வேண்டும். உங்கள் மருமகனின் பற்றாக்குறைக்கு மொத்தம் 25,000 பவுன், அஃதாவது ஒரு கோடி ரூபாய் வேண்டியிருக்கும். 2024 செப்டம்பரில்தான் தேயிலைத் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. அதற்கும் குறைந்த கூலிக் காலங்களில் சேர்ந்த பணம் உங்களுடையது. அதனை அங்கே வைத்தால் மகளின் விசாவுக்கு ஓர் அங்குலமும் உதவாது. உங்கள் மருந்துச் செலவுக்கும் கையில் இராது.

வேறு நாடுகளில் உறவினர் உள்ள குடும்பங்களுக்காக ஒன்றிரண்டு சொற்கள். எல்லா நாடும் பிரித்தானியா அன்று. கனடாவில் கணவனையோ மனைவியையோ அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்த வருமான எல்லை கிடையாது. மூன்றாண்டு பராமரிப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். உடல் வலுவின்மை தவிர்ந்த காரணத்துக்காக அரசின் உதவிப் பணத்தில் வாழ்பவர் அழைக்க முடியாது. அமெரிக்காவில் வறுமைக் கோட்டுத் தொகையின் 125 சதவீதத்தைக் காட்டிப் பொறுப்புப் பத்திரம் எழுதித்தர வேண்டும். வருமானம் போதாதவர், அந்நாட்டில் வாழும் வேறொருவரைக் கூட்டுப் பொறுப்பாளராகச் சேர்க்கலாம். ஆனால் அப்படிக் கையெழுத்திடும் சித்தப்பாவோ நண்பரோ ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விவாகரத்து நேர்ந்தாலும் அப்பொறுப்பு தீராது. வந்தவர் அந்நாட்டுப் பிரஜையாகும் வரையோ, பத்தாண்டு உழைப்புக்குச் சமமான கணக்கு நிறையும் வரையோ தொடரும். உறவு முறைக்காக ஒரு வார்த்தையில் வாங்கத்தக்க கையெழுத்தன்று அது.

பெரியவர் தம் கடிதத்துடன் மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும், விவாகப் பதிவின் பிரதியும் இணைத்திருந்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். தந்தை பெயரில் ஒன்றில் ‘பெருமாள்’ என்றும் மற்றதில் ‘பெருமால்’ என்றும் இருக்கிறது. மருமகன் மேலதிக வேலை தேடும் இந்த ஆறு மாதத்துக்குள், பிரதேச செயலகத்துப் பதிவாளரிடம் சென்று அந்த ஓர் எழுத்தைத் திருத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.