லீவு முடிந்த பிறகுதான் ஆபத்து!

பையனுக்கு டான்சில் ஆபரேஷன். முன்பெல்லாம் சில நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். இப்போது மறுநாளே வீடு. சில இடங்களில் அன்று மாலையே அனுப்பிவிடுகிறார்கள்.

அப்பா ஆபீசில் மூன்று நாள் லீவு சொல்லுகிறார். வீடே பிள்ளையைச் சுற்றி நிற்கிறது. மாமா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிறார். நாலாம் நாள் அப்பா மின்சார ரயிலைப் பிடித்துவிடுகிறார். ஐந்தாம் நாள் பையன் எழுந்து டி.வி. பார்க்கிறான். "தேறிட்டான்" என்கிறது தெரு.

இங்கேதான் தப்பு நடக்கிறது!

டான்சில் எடுத்த இடத்தில் வெள்ளையாகப் பொருக்கு படியும். "சீழ் வச்சிடுச்சு" என்று அலற வேண்டாம். புண் ஆறுகிற அடையாளம் அது. அந்தப் பொருக்கு உதிர்வது சுமாராக ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில். வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் அப்போதுதான். நூற்றில் சில பிள்ளைகளுக்கே இப்படி ஆகும். ஆனால் வந்துவிட்டால் விளையாட்டு இல்லை. தூக்கத்தில் பிள்ளை மடக் மடக்கென்று விழுங்கிக்கொண்டே இருந்தால் எழுப்பி வாயைப் பார்க்க வேண்டும். உள்ளே போவது எச்சிலாக இருக்காது, ரத்தமாக இருக்கலாம். சிவப்பாகத் துப்பினால் "விடியட்டும்" என்று உட்காருவது பெரிய மடத்தனம். 108-க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அப்புறம் பாட்டியின் பத்தியம். "பச்சைப் புண்ணு, குளிர்ச்சி ஆகாது, தண்ணி தராதே!" பாசம்தான், யார் இல்லையென்றது? ஆனால் தொண்டை காய்ந்தால் வலி கூடும். வலி கூடினால் பிள்ளை குடிக்காது. குடிக்காவிட்டால் இன்னும் காயும். டாக்டர் எழுதிய வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுத்து, அது வேலை செய்ததும் இளநீர், ஆறின கஞ்சி, தயிர் சாதம் என்று கொடுக்கலாம். ஐஸ்கிரீம்கூடத் தரலாம். முறுக்கு பக்கம் போக வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. காது வலிக்கிறது என்று பிள்ளை அழுதால் சொட்டு மருந்து தேடி ஓட வேண்டாம். பெரும்பாலும் தொண்டை வலிதான் காதில் தெரிகிறது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இதெல்லாம் இருக்கிறதா? பல இடங்களில் இருக்கிறது, இங்கிலீஷில்! ராத்திரி பிள்ளை பக்கத்தில் படுப்பவள் அம்மா. அவள் அந்தச் சீட்டை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறாள். வேறென்ன செய்வாள்? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை உஷாராக இருக்க வேண்டும் என்று தமிழில் நாலு வரி எழுத ஆஸ்பத்திரிக்கு என்ன செலவாகும்? ஒரு ரப்பர் ஸ்டாம்பு அடித்தால்கூடப் போதும்.

அப்பாவும் மூன்று நாள் லீவை முதலிலேயே தீர்த்துவிடாமல், இரண்டு நாளை ஏழாம் நாளுக்கு எடுத்து வைக்கலாம். "அதான் பையன் தேறிட்டானே, இப்ப எதுக்கு லீவு?" என்பார் மேனேஜர். அவரிடம் காட்டவும் அந்த நாலு வரி உதவும்.