கிணற்று விஷத்தை உப்பு மீட்டர் காட்டாது

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டார விவசாயிகள் கிணற்று நீரை பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போனால், கார அமில நிலையையும் மின்கடத்தும் திறனையும் பார்த்து, உப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். நெல் வைப்பதா, தென்னை வைப்பதா என்று தீர்மானிக்க அது உதவும். ஆனால் மின்கடத்தும் திறனை அளக்கும் கருவிக்கு சோற்று உப்பும் ஒன்றுதான், விஷ உப்பும் ஒன்றுதான்.

குரோமியத்தில் இரு வகை முக்கியம். தோல் பதனிட உதவும் வகை அத்தனை கொடியதல்ல. குரோமேட் ஆலைக் கழிவில் உள்ள வகையோ புற்றுநோய் தரக்கூடியது. தண்ணீரில் எளிதில் கரைந்து நிலத்தடியில் பரவும். ராணிப்பேட்டையில் 1995-ஐ ஒட்டி மூடப்பட்ட ஓர் ஆலை விட்டுச் சென்ற கழிவு சுமார் 1.5 லட்சம் டன். நீர் மஞ்சளானால் கண்ணுக்குத் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அந்த அளவில் நிறமும் இராது, ருசியும் மாறாது. மாடும் குடிக்கும், நாமும் குடிப்போம்.

இதைக் கண்டறிய மின்வேதி உணர்கருவிகள் உண்டு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்துப் பார்க்கிறார்களே, அதுவும் இந்த இனம்தான். பட்டையிலுள்ள கரி அல்லது தங்க மின்முனைக்கு, தேடும் பொருளுக்கேற்ற மின்னழுத்தம் கொடுத்தால், அப்பொருள் அங்கே வினைபுரிந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். விஷம் கூடினால் மின்னோட்டமும் கூடும். பாஸ்பரஸ் இனப் பூச்சிமருந்துகளுக்கு வேறு உபாயம்: அவை முடக்கும் நரம்பு நொதியையே பட்டையில் பூசி, அதன் வேலை எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள்.

கலங்கல் நீரும் மிகுந்த உப்பும் பட்டையை ஏமாற்றும் என்பது உண்மையே. ஆகவே அது சொல்வதே முடிவல்ல. நூறு கிணறுகளில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியவை எவை என்று பிரித்துக் காட்டினாலே பெரிய உதவி.

மாசு செய்தவரே நஷ்டஈடு தரவேண்டும் என்று பாலாற்றுத் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. தன் கிணற்றில் என்ன கலந்திருக்கிறது என்று அறியாத விவசாயி எதைக் காட்டி நஷ்டஈடு கேட்பார்? ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இத்தனை காலம் புகழப்பட்டது போதும். இக்கருவிகள் வேளாண்மை விரிவாக்க மையங்களுக்கு வரட்டும். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை கிணறுகளைப் பார்த்து, கண்ட அளவைத் தேதியோடு எழுதி, அதன் நகலை விவசாயியின் கையில் கொடுக்கட்டும். செலவை ஆலைகளிடம் வசூலிப்பதே நியாயம்.