நகல் என்று சொல்லாதீர்கள்

திசு வளர்ப்புக் கன்று தாய்ச்செடியின் மரபணு நகல் என்பது நம் வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் கேள்வியின்றி உலவும் கூற்று. அதிலுள்ள ‘நகல்’ என்னும் சொல்லை எதிர்த்தே இப்பதிவு. மொழியியலில் முதுகலை முடித்த எனக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சோதிக்கப்படாத ஒன்றைச் சோதித்ததுபோல ஒரு சொல் காட்டுமாயின், அச்சொல்லை விசாரிப்பது மொழியியலாரின் வேலையும்தான்.

தாவர உயிரணுவில் மரபணுத் தொகுதிகள் மூன்று: உட்கருவில் ஒன்று, பசுங்கணிகத்தில் ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவில் ஒன்று. நகல் என்றால் மூன்றுக்கும் பொருந்த வேண்டும். மூன்றாவதோ எளிதில் உருமாறுவது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ ஏறத்தாழ 16,500 கார இணைகள் கொண்டது; தாவரங்களில் அது பெரும்பாலும் பல இலட்சம். அதனுள் திரும்பத் திரும்ப வரும் நீண்ட பகுதிகள் தமக்குள் இணைந்து பிரிகின்றன. ஆகவே ஒரே செடியில் அதன் பல வடிவங்கள், சில மிகுதியாகவும் சில அரிதாகவும், சேர்ந்தே வாழ்கின்றன.

சுவடிப் பதிப்பை அறிந்தவர்க்கு இது புதிதன்று. ஒரு நூலுக்குப் பல ஏடுகள், ஏடுதோறும் பாடவேறுபாடுகள். திசு வளர்ப்பில் பல வேளைகளில் நிகழ்வது ஏடெழுதியவரின் புதுப் பிழையன்று; ஓரிரு ஏடுகளில் மட்டும் இருந்த பாடம் பெருவழக்காகிவிடுவது. அப்பாடம் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்கும் சோதனைக்கு இம்மாற்றம் புலப்படாது. எவ்வளவு உண்டு என்று கேட்க வேண்டும்.

இது வெறும் கோட்பாடு என்பார்க்கு மக்காச்சோளமே விடை. 1970இல் அமெரிக்கக் கலப்பின மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு டெக்சாஸ் சைட்டோபிளாசத்தைக் கொண்டிருந்தது. அவ்வாண்டு பரவிய இலைக்கருகல் நோயில் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு அழிந்தது. ஆண்மலட்டுத்தன்மைக்கும் நோய்ப்பூஞ்சையின் நச்சுக்கு இரையாகும் தன்மைக்கும் காரணம் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள டி-அர்ஃப்13 என்னும் ஒரே மரபணு. 1977இல் மின்னசோட்டாவில் கெங்கென்பாக் குழுவினர் அந்நச்சைக் கலந்த ஊடகத்தில் திசுவை வளர்த்துச் செடிகளை மீட்டனர். அவை நச்சைத் தாங்கின. வளமான மகரந்தமும் தந்தன. பின்னர், நச்சே கலவாத வளர்ப்பிலிருந்தும் அத்தகைய செடிகள் தோன்றின. பெரும்பாலானவற்றில் அம்மரபணு முழுதும் நீங்கியிருந்தது. ஒன்றில் ஐந்து கார இணைகள் இடையே நுழைந்து அதைச் செயலிழக்கச் செய்திருந்தன. இதற்கு எதிர்த்திசையும் உண்டு: நிக்கோட்டியானா சில்வெஸ்ட்ரிஸ் என்னும் புகையிலை இனத்தில், புரோட்டோபிளாஸ்ட் வளர்ப்பிலிருந்து மீண்ட சில செடிகள் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் ஒரு பகுதியை இழந்து ஆண்மலடாயின. 1981இல் லார்க்கினும் ஸ்கௌகிராஃப்டும் ‘சோமாகுளோனல் வேறுபாடு’ என்று பெயரிட்ட நிகழ்வின் ஒரு முகம் இது.

இந்தியாவில் உயிரித்தொழில்நுட்பத் துறை 2006இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை நிறுவியது. வைரஸ் இன்மையும் மரபணு ஒப்புமையும் அதில் சோதிக்கப்படுகின்றன. அப்பணியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், ஒப்புமைக்கு வழக்கமாகப் பயன்படும் டிஎன்ஏ குறியீடுகள் பெரும்பாலும் உட்கருவின் இடங்களையே தொடுகின்றன. ஒரு தொகுதியின் சில இடங்களைப் பார்த்துவிட்டு, மூன்று தொகுதிகளுக்கும் சேர்த்து ‘ஒப்புமை’ என்று எழுதுவது எவ்வகையில் நேர்மை?

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, வணிக வாழைக்கன்றுகள் காலஸிலிருந்து அல்ல, தண்டு நுனியிலிருந்து பெருக்கப்படுகின்றன என்பது. உண்மை, அதனால் மாறுபாடு குறைகிறது. குறைவது வேறு, இல்லாமற்போவது வேறு. இரண்டாவது, விதையே இல்லாத கிராண்ட் நைன் வாழையில் மகரந்தம் மலடானால் என்ன நட்டம் என்பது. அந்த வாழைக்கு நட்டமில்லை என்றே கொள்வோம். காட்டு வாழைக்கு?

ஹேடோவில் இயங்கும் இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் வட்டார மையத்திலிருந்து, 2014இல், மூசா இண்டந்தமனென்சிஸ் என்னும் புதிய காட்டு வாழை அறிவியலுக்கு அறிமுகமானது. லிட்டில் அந்தமான் காட்டில் கண்டறியப்பட்ட இனம் அது; விதையுள்ள வாழை. இத்தகைய தீவு இனமொன்றைக் குடுவையில் பெருக்கிக் காட்டுக்குத் திருப்புவதாயின், ஆண்மலட்டுத்தன்மை அங்கே சிறு குறையாகாது. அடுத்த தலைமுறை உண்டா என்னும் கேள்வியாகும். பெரும்பாலான தாவரங்களில் மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வர, மூசா அக்குமினாட்டா வாழையில் அது தந்தைவழி வருவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த அரிய மரபு வழியைக் கொண்ட பேரினத்தில், அந்தத் தொகுதியை மட்டும் பார்க்காமல் விடுவது எவ்வளவு பெரிய அலட்சியம்!

கேட்பவை மூன்றே. எந்த மரபணுத் தொகுதி சோதிக்கப்பட்டது என்பதைச் சான்றிதழ் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை மறுவளர்ப்புச் செய்யப்பட்டது என்பது கன்றோடு பதிவாக வேண்டும். காட்டுக்குத் திரும்பும் செடிகளிலேனும் மைட்டோகாண்ட்ரிய வடிவங்களின் அளவு தாய்ச்செடியோடு ஒப்பிடப்பட வேண்டும்.

அதுவரை ‘நகல்’ வேண்டாம். ‘வழித்தோன்றல்’ என்று சொல்வோம். வழித்தோன்றல் தாயை ஒத்திருக்கலாம், மாறியுமிருக்கலாம். எதுவென்று சோதித்துத்தான் அறிய வேண்டும் என்பதை அச்சொல் மறைப்பதில்லை. மாற்றுக் கருத்துடைய தாவரவியல் நண்பர்கள் தரவுகளோடு மறுத்தெழுதுக, விவாதிப்போம்.