அமெரிக்காவின் ‘ரியல் ஐடி’: சிக்கல் ஏர்போர்ட்டில் இல்லை, உங்கள் கார் சாவியில்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நண்பர்கள் இருக்கிற ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் இருந்தால், ‘ரியல் ஐடி எடுத்தாச்சா?’ என்ற கேள்வியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நட்சத்திரம் போட்ட லைசென்ஸ் இல்லாவிட்டால் உள்நாட்டு விமானத்தில் ஏற முடியாது, 45 டாலர் ஃபைன் என்றெல்லாம் பாதி உண்மையும் பாதி பயமுமாக அந்த மெசேஜ்கள் சுற்றுகின்றன.

முதலில் பயத்தைக் கழித்துவிடலாம். உங்களிடம் செல்லுபடியாகும் இந்திய பாஸ்போர்ட் இருந்தால், நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பறக்க ரியல் ஐடி தேவையே இல்லை. விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ வெளிநாட்டு பாஸ்போர்ட்டை ஏற்கிறது. கிரீன் கார்டும், இஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டையும் செல்லும். அந்த 45 டாலரும் ஃபைன் இல்லை. இது எதுவுமே கையில் இல்லாமல் வருகிறவரின் அடையாளத்தை வேறு வழியில் சரிபார்க்க, 2026 பிப்ரவரி 1 முதல் வாங்கும் கட்டணம் அது. ஒருமுறை கட்டினால் 10 நாள் பயணத்துக்குச் செல்லும்.

அப்புறம் எதற்கு இந்தக் கட்டுரை என்று கேட்கலாம். ரியல் ஐடி சட்டத்தில் விமானத்தைப் பற்றிய பகுதியை எல்லோரும் பேசியாகிவிட்டது. விசாவில் இருப்பவர்களைப் பற்றிய சில வரிகளும் அதில் உண்டு, அவற்றை யாரும் பேசுவதில்லை.

சுனாமி நிவாரணத்தோடு வந்த சட்டம்

2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையம், விமானங்களைக் கடத்தியவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஏதோ ஒரு அமெரிக்க அடையாள ஆவணத்தை வாங்கி வைத்திருந்தார்கள் என்று 2004-இல் சொன்னது. மாநிலங்கள் தரும் லைசென்ஸுக்கு நாடு முழுக்க ஒரே தரம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ரியல் ஐடி சட்டம்.

அது நிறைவேறிய விதம் கொஞ்சம் விசித்திரம். தனி மசோதாவாக செனட்டில் விவாதிக்கப்படவே இல்லை. ராணுவச் செலவுக்கும் இந்தியப் பெருங்கடல் சுனாமி நிவாரணத்துக்கும் நிதி ஒதுக்கிய 2005-ஆம் ஆண்டு மசோதாவோடு சேர்த்து ஒட்டிவிட்டார்கள். நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட அதே சுனாமிதான். நிவாரணப் பணத்துக்கு எதிராக யார் ஓட்டுப் போடுவார்கள்? செனட்டில் 100-0.

நிறைவேற்றியது வேகம், அமல்படுத்தியது ஆமை வேகம். 2008 என்று முதலில் சொன்ன கெடு 2020, 2021, 2023 என்று தள்ளிக்கொண்டே போய், 2025 மே 7-இல்தான் நடைமுறைக்கு வந்தது. செலவை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று பல மாநிலங்கள் எதிர்த்தது ஒரு காரணம். இடையில் கோவிட் வேறு.

விசா முடியும் நாளில் லைசென்ஸும் முடியும்

இப்போது அந்தச் சில வரிகளுக்கு வருவோம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக அனுமதியில் இருப்பவருக்கு ரியல் ஐடி லைசென்ஸ் தரலாம். ஆனால் அவர் தங்க அனுமதிக்கப்பட்ட நாள் வரைதான் அது செல்லும். முடிவுத் தேதி இல்லாத அனுமதி என்றால் ஒரு வருஷம். புதுப்பிக்கும்போதெல்லாம் அவருடைய குடியேற்ற நிலையை மத்திய அரசிடம் மாநிலம் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. நிஜத்தில் ஒரு எச்-1பி ஊழியருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். நிறுவனம் நீட்டிப்புக்கு நேரத்தோடு விண்ணப்பித்துவிட்டது, முடிவு வரவில்லை. ஐ-94 எனப்படும் தங்கும் அனுமதிப் பதிவின் தேதி முடிந்துபோச்சு. சட்டப்படி அவர் அதே நிறுவனத்தில் இன்னும் 240 நாள் வரை வேலை செய்யலாம். ஆனால் லைசென்ஸ், ஐ-94 தேதியோடு செத்துவிட்டது. நீட்டிப்பு விண்ணப்பத்தின் ரசீதைப் பார்த்து சில மாநிலங்கள் கொஞ்ச காலம் நீட்டித்துத் தருகின்றன. எல்லா மாநிலங்களும் அப்படி இல்லை. வேலைக்குப் போகலாம், ஆனால் காரை எடுக்கக் கூடாது. பஸ்ஸே எட்டிப்பார்க்காத டெக்சாஸ் புறநகரில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

2024 நிதியாண்டில் அங்கீகரிக்கப்பட்ட எச்-1பி மனுக்களில் சுமார் 71 சதவீதம் இந்தியர்களுடையவை. 2024-25 கல்வியாண்டில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் 3.63 லட்சம் பேர். கிரீன் கார்டு வரிசை நம்மவர்களுக்குப் பல்லாண்டு நீள்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த லைசென்ஸ் புதுப்பிப்பு வட்டத்தில் அதிகத் தடவை சுற்றப்போவது யார் என்பதற்குத் தனியாக கிராஃப் போட வேண்டியதில்லை.

இன்னொரு முரணும் இருக்கிறது. நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய்ஸ் போன்ற மாநிலங்கள் குடியேற்ற நிலையைக் கேட்காமலே நட்சத்திரம் இல்லாத சாதாரண லைசென்ஸ் தருகின்றன. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் அந்த வழி கிடையாது. அதனால் ஒரே விசாவில் இருக்கும் இரண்டு நண்பர்களின் நிலைமை, எந்த மாநிலத்தில் வேலை கிடைத்தது என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது.

மாநிலங்களே இதில் தடுமாறுகின்றன. ரியல் ஐடி வாங்கிய சுமார் 3.25 லட்சம் பேரின் அட்டைகளை மாற்ற வேண்டியிருக்கும் என்று கலிஃபோர்னியா வாகனத் துறை அண்மையில் சொன்னது. 2006-இலிருந்து தொடரும் மென்பொருள் பிழையால், அட்டையின் காலாவதித் தேதி அவர்களின் தங்கும் அனுமதியோடு பொருந்தாமல் போனதுதான் காரணம். எல்லோரும் சட்டப்படி இருப்பவர்கள். தவறு அவர்களுடையது இல்லை, அலைச்சல் மட்டும் அவர்களுடையது.

பெயர் ஒரு தனி அவஸ்தை

நம்ம ஊர் ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி அங்கே டிஎம்வி. கவுன்ட்டரில் இருப்பவர் உங்கள் விவரத்தை ‘சேவ்’ என்ற மத்திய அரசின் சரிபார்ப்பு அமைப்பில் போடுவார். பொருந்தினால் சில விநாடிகளில் பதில். பொருந்தாவிட்டால் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கும் அடுத்த கட்டத்துக்குப் போகும், அதற்கு நாள்கணக்கில் ஆகலாம்.

தமிழர்கள் இங்கே மாட்டுவது பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று விழும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அர்த்தம். அது ஐ-94-இல் ஒரு மாதிரி, சமூகப் பாதுகாப்பு எண்ணில் வேறு மாதிரி பதிவானால் டிஎம்வி-யில் மேட்ச் ஆகாது. இன்னும் கிளம்பாதவர் என்றால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து இரண்டு கட்டத்தையும் நிரப்புவது நல்லது. போய்ச் சேர்ந்துவிட்டவர்கள், ஐ-94-இல் இருக்கும் பிழையை எல்லைப் பாதுகாப்புத் துறையின் அலுவலகத்தில் திருத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவுக்கு வந்து இறங்கிய மறுநாளே டிஎம்வி-க்கு ஓடாதீர்கள். உங்கள் வருகை எல்லா அரசுக் கணினிகளிலும் ஏறச் சில நாள் பிடிக்கும். சுமார் பத்து நாள் பொறுங்கள் என்று பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான். போகும்போது பாஸ்போர்ட், விசா, ஐ-94, வீட்டு முகவரிக்கு இரண்டு ஆதாரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மாணவர் என்றால் ஐ-20-யும். வேலை அனுமதி இல்லாத எச்-4 துணைவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காது. எண் தர முடியாது என்று அந்தத் துறை தரும் கடிதத்தைப் பல மாநிலங்கள் கேட்கும்.

எச்-1பி-யில் இருப்பவர்கள், நீட்டிப்பு மனுவை ஆறு மாதம் முன்பே போட முடியும் என்பதை எச்ஆரிடம் நினைவுபடுத்துங்கள். கடைசி நேரத்தில் 15 வேலை நாளில் முடிவு தரும் விரைவுச் சேவை உண்டு, ஆனால் அதற்கு 2,800 டாலருக்கு மேல் ஆகும். பாஸ்போர்ட் தேதியையும் பாருங்கள். விசா மனு மூன்று வருஷத்துக்கு இருந்தாலும், பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிகிறது என்றால், எல்லை அதிகாரி பல சமயம் அந்தத் தேதியோடு ஐ-94-ஐ நிறுத்திவிடுவார். ஐ-94 நின்றால் லைசென்ஸும் அங்கேயே நிற்கும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்கு வரும்போது பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டுத் திரும்பினால் இந்த ஒரு சிக்கலாவது மிச்சம்.