கட்டுவிரியன் அறுக்கும் தந்தி

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலே, கன்னிவாடி என்னும் ஊர் இருக்கிறது. பாளையக்காரர் காலத்திலேயே பெயர் பெற்ற ஊர். மலைச் சாரலில் மழை பெய்தால் அடிவாரத்துத் தோட்டங்களும் வரப்புகளும் பசுமை கொள்ளுகின்றன. பசுமை கண்ட இடத்தில் எலியும் ஓணானும் தவளையும் பெருகுகின்றன. அவற்றைத் தேடிப் பாம்பு வருகிறது. இது கன்னிவாடிக்கு மாத்திரம் உரிய விசேஷமன்று. தமிழ்நாட்டில் மலையடிவாரத்துக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கதைதான்.

இந்த வாரம் மனித சரீரத்தின் நரம்பு மண்டலத்தைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல எண்ணினோம். "நரம்பைப் பற்றிச் சொல்ல வந்தவர் பாம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பானேன்?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நரம்பு எப்படி அமைந்திருக்கிறது, எங்கே எவ்வாறு வேலை செய்கிறது என்பதை, அந்த வரப்பில் ஊரும் கட்டுவிரியனைப் போலத் தெளிவாக விளக்கிக் காட்டும் உபாத்தியாயர் வேறொருவர் இல்லை. அவருடைய பாடம் உயிர் விஷயமாகையால் அதைக் கவனமாய்க் கேட்பது நலம்.

கட்டுவிரியனுக்கு நல்ல பாம்பைப் போலப் படம் கிடையாது. கண்ணாடி விரியனைப் போலச் சீற்றமும் இல்லை. கறுத்த, பளபளப்பான உடலில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். பகலில் பரம சாதுவாய்ச் சுருண்டு கிடக்கும். இரவிலேதான் இரை தேடிப் புறப்படும். அப்போது வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். தரையில் பாய் விரித்து உறங்குகிறவர்களே பெரும்பாலும் அதன் பல்லுக்கு இலக்காகிறார்கள். பல் மிகவும் சிறியது. கடித்த இடத்தில் வீக்கம் இராது, வலியும் அதிகமில்லை. கடிபட்டவர் எறும்பு கடித்தது என்றெண்ணித் திரும்பிப் படுத்துக்கொள்வதும் உண்டு. விழிக்காமலே இருந்துவிடுவதும் உண்டு.

பின்னிரவில் வயிற்றை வலிக்கிறது. தொண்டை நோகிறது. பொழுது விடியும் சமயம் இமைகள் தாமாகவே கீழே சரிகின்றன. எவ்வளவு முயன்றாலும் உயர மறுக்கின்றன. ஒரு பொருள் இரண்டாய்த் தெரிகிறது. பேச்சு குழறுகிறது. உமிழ்நீரை விழுங்க முடியவில்லை. கழுத்து தலையைத் தாங்காமல் துவள்கிறது. கைகால்கள் சோர்கின்றன. கடைசியில் மூச்சு குறைந்து குறைந்து நின்றுபோகிறது. சுற்றி நிற்பவர்கள், "உயிர் போய்விட்டது!" என்று கதறுகிறார்கள்.

உண்மையில் அந்தக் கணத்தில் உயிர் போகவில்லை. போகாமல் காப்பாற்றவும் இயலும். அது எப்படி என்பதை அறிய, நரம்பின் அமைப்பைச் சிறிது பார்க்க வேண்டும்.

நம் தலைக்குள் சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை இருக்கிறது. அதில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூளையிலிருந்து முதுகெலும்பின் உள்ளே தண்டுவடம் இறங்குகிறது. மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகளும் புறப்பட்டு உடலெங்கும் கிளைவிட்டுப் பரவுகின்றன. இவற்றில் சில இழைகள் செய்தியை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருகின்றன: "கால் சுடுகிறது," "கையில் முள் குத்திற்று" என்பவை போல. வேறு சில இழைகள் உள்ளிருந்து கட்டளையை வெளியே எடுத்துச் செல்லுகின்றன: "காலை எடு," "கையை விலக்கு," "மூச்சை உள்ளே இழு" என்று.

இதைப் பழைய நாளில் தந்திக் கம்பிக்கு ஒப்பிடுவார்கள். நம் நாட்டில் தந்தி சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. ஆயினும் நம்முடைய சரீரத்திலே அந்த இலாகா ஓயாமல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வேகமான நரம்பிழைகளில் செய்தி ஒரு விநாடிக்கு 120 மீட்டர் வரையில் ஓடுகிறது. மந்தமான வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளிலோ விநாடிக்கு ஒரு மீட்டர்தான். கல்லில் கால் இடித்துக்கொண்டால் முதலில் இடித்த உணர்வும், சற்றுப் பொறுத்து "அப்பாடா!" என்ற நோவும் தனித்தனியே வந்து சேருவதன் இரகசியம் இதுதான்.

தந்திக் கம்பிக்கும் நரம்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நரம்பு எங்கும் அறுபடாமல் ஓடும் ஒரே கம்பியன்று. ஓர் அணு முடிகிற இடத்துக்கும் அடுத்தது தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. நரம்பணுக்கள் தனித்தனியானவை என்பதை நிலைநாட்டியவர் ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானி கஹால். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்திலும் இத்தகைய சந்து உண்டு. ஒரு மில்லிமீட்டரை இருபதினாயிரம் கூறு செய்தால் அதில் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் அகலம். ஆனால் மின்சாரச் செய்தி அதைத் தாண்ட முடியாது. பின்னே யார் தாண்டுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தந்தவர் ஆட்டோ லோவி. 1921-இல் ஓர் இரவு அவருக்குக் கனவில் ஒரு சோதனை தோன்றியதாம். எழுந்து காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தம்முடைய கையெழுத்தே தமக்கு விளங்கவில்லை! மறுநாள் இரவும் அதே கனவு வரவே, இம்முறை நேராய்ச் சோதனைச் சாலைக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். பிறகு அந்த இதயம் நனைந்திருந்த நீரை எடுத்து மற்றதன் மேல் விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாயிற்று. ஆகவே நரம்பின் நுனி ஒரு திரவியத்தைச் சுரக்கிறது, அதுவே தூதனாய்ச் செய்தியைச் சேர்ப்பிக்கிறது என்று தெளிவாயிற்று. அசிட்டைல்கோலின் என்பது அந்தத் தூதனின் பெயர். ஹென்றி டேல் என்பவரோடு லோவி 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம்முடைய கை, கால், இமை, மூச்சுத் தசை ஆகியவற்றுக்குக் கட்டளையைச் சேர்ப்பிப்பதும் இதே தூதன்தான்.

இப்போது பாம்புக்கு வருவோம். நல்ல பாம்பின் விஷம் பெரும்பாலும் அந்தச் சந்தின் அக்கரையில், தசையின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளுகிறது. தூதன் வந்து தட்டினால் கதவு திறக்காது. கட்டுவிரியனின் விஷத்தில் முக்கியமான பகுதி இக்கரையிலேயே நாசம் செய்கிறது. தூதர்களை அனுப்பும் நரம்பு நுனியையே அழித்துவிடுகிறது. கட்டளை இடும் மூளை நலமாய் இருக்கிறது. கட்டளையை நிறைவேற்றும் தசையில் வலு இருக்கிறது. நடுவே ஆள் இல்லை. இமை, கண், தொண்டை ஆகியவற்றின் சிறு தசைகள் முதலில் ஓய்கின்றன. கடைசியாய் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்னும் மூச்சுத் தசை ஓய்கிறது.

இதயமோ தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உறுப்பு; நரம்பின் கட்டளைக்கு அது காத்திருப்பதில்லை. ஆதலால் மூச்சு நின்ற பிறகும் சிறிது நேரம் அது துடிக்கிறது. பிராணவாயு கிடைக்காமற் போனால்தான் சில நிமிஷங்களில் மூளை கெட்டு, இதயமும் நிற்கிறது. அதற்குமுன் யாராவது மூச்சை ஊட்டினால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும். அவ்விதம் மூச்சு ஊட்டப்பட்டுக் கிடக்கும் நோயாளிக்கு விரலை அசைக்க முடியாது. கண்மணி வெளிச்சத்துக்கு அசையாமல் விரிந்து நிற்பதும் உண்டு. பார்ப்பவர்கள் மூளை செத்துவிட்டதென்று நம்பக்கூடும். ஆனால் அவர் உள்ளே விழித்திருக்கலாம். பக்கத்தில் அழுகிறவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மூச்சை ஊட்டியே உயிரைக் காக்கலாம் என்பதை உலகத்துக்குப் பெரிய அளவில் காட்டிய சம்பவம் 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் நடந்தது. அது பாம்பினால் அல்ல, போலியோவினால். அந்த நோயும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துவது. இப்ஸென் என்னும் வைத்தியரின் யோசனைப்படி, சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு, நோயாளிகளின் தொண்டைக் குழாயில் பொருத்திய ரப்பர்ப் பையை இரவும் பகலும் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார்கள். பலர் பிழைத்தார்கள். இன்று அந்த வேலையை யந்திரம் செய்கிறது. கட்டுவிரியன் கடித்தவருக்கும் இதுவே உயிர்நாடி. சில நாள், சில சமயம் சில வாரம், யந்திரம் மூச்சு விட்டால் போதும்; அழிந்த நரம்பு நுனிகள் மறுபடி துளிர்க்கின்றன. இமை உயர்கிறது, விரல் அசைகிறது, மூச்சு திரும்புகிறது.

விஷமுறிவு மருந்து வேண்டாமா என்றால், அவசியம் வேண்டும், விரைவிலும் வேண்டும். அது ரத்தத்தில் திரியும் விஷத்தைக் கட்டிப்போடும். ஏற்கெனவே அழிந்த நுனியை மீட்டுத் தராது. ஆகவேதான் காலதாமதம் ஆகாது என்கிறோம். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து இம்மருந்தைத் தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துத் தருவதில் நம் தமிழ்நாட்டு இருளர் மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1978-இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கிறது. எழுத்தறிவில்லாதவர்கள் என்று பிறர் இகழ்ந்த கைகள் எத்தனையோ பேருக்கு உயிர்ப்பிச்சை அளித்திருக்கின்றன.

நம் தேசத்தில் 2000 முதல் 2019 வரையில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டதாக ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு 58,000 பேர்! அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். இந்தத் தொகையை 2030-க்குள் பாதியாக்குவதற்கு மத்திய சர்க்கார் 2024 மார்ச்சில் ஒரு திட்டம் வெளியிட்டது. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. திண்டுக்கல்லிலும் 2022 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது.

இவ்வளவும் இருந்தும், கடிபட்டவரை மந்திரிக்கிறவரிடம் கொண்டுபோய்ப் பொன்னான நேரத்தைப் போக்குவது இன்னும் அற்றுப்போகவில்லை. "அவர் மந்திரித்துப் பிழைத்தவர்கள் உண்டே!" என்பார்கள். உண்டுதான். கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப் பாம்பும் சில வேளை விஷம் செலுத்தாமலே கடித்துவிடும். அந்தப் புண்ணியம் மந்திரத்தின் கணக்கில் ஏறுகிறது. கட்டுவிரியனை எட்டடி விரியன் என்பார்கள். கடித்தால் எட்டு அடி வைப்பதற்குள் சாவு என்பது நம்பிக்கை. அது மெய்யன்று. பெரும்பாலும் சில மணி நேர அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை வீணாக்குவதுதான் ஆளைக் கொல்லுகிறது.

செய்ய வேண்டியவை இவை. கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, 108-க்குச் சொல்லி அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலியென்று எழுந்து, இமையும் சரிந்தால், பல் குறி தெரியாவிட்டாலும் கட்டுவிரியனையே சந்தேகியுங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டால், இந்தத் துன்பமே அநேகமாய் நேராது. கட்டிலுக்கு வசதியில்லாதவர்கள் வலையையாவது பாய்க்கடியில் செருகிக்கொள்ளட்டும்.

இவற்றில் ஒன்றை மாத்திரம் நினைவில் வைத்தாலும் போதும். கட்டுவிரியன் கடித்து மூச்சடங்கியவருக்கு அழுவதற்குமுன் மூச்சு ஊட்டுங்கள். ஆஸ்பத்திரி வரும் வரையில் அதை நிறுத்தாதீர்கள். இறந்துவிட்டார் என்று சொல்லும் பொறுப்பை வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.