பறம்பின் மதுச்சாடியும் ஆடல் பாடலும்

மதுவும் இசையும் ஒரே கூரையின்கீழ் இருந்த இடம் நம் சிவகங்கைச் சீமையில் உண்டா என்று கேட்டால், நாம் சுட்டக்கூடியது ஒன்றுதான்: பறம்பு. சிங்கம்புணரிக்கு அருகிலுள்ள பிரான்மலையே பாரியின் பறம்பு என்பது வழிவழியாக வரும் கருத்து. சம்பந்தர் பாடிய கொடுங்குன்றமும் அதுவே. காரைக்குடிப் பக்கத்திலிருந்து அங்கே செல்வோர் கோயிலையும் மலைமேலுள்ள தர்காவையும் கண்டு திரும்புகின்றனர். முல்லைக்குத் தேர் கொடுத்த கதையும் தவறாமல் பேசப்படுகிறது. மதுச்சாடியை மட்டும் எவரும் நினைப்பதில்லை.

கபிலர் மறக்கவில்லை. பாரி மறைந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு மலையை நீங்கும்போது, அம்மலையை நோக்கியே அவர் பேசுவதாக அமைந்தது புறநானூற்றின் 113ஆம் பாட்டு. அங்கே அவர் பாரியின் வீரத்தைச் சொல்லித் தொடங்கவில்லை. திறந்த மதுச்சாடியையும், வீழ்த்தப்பட்ட ஆட்டுக்கிடாயையும், வேண்டிய மட்டும் கிடைத்த ஊன்சோற்றையும் சொல்லி, முன்பு எம்மோடு நட்பாய் இருந்தாயே என்று மலையிடம் கலங்குகிறார். மூடப்பட்ட ஒரு கூடத்திற்குப் பாடிய கையறுநிலை என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

அக்கூடத்தின் நுழைவுக் கட்டணம் பாட்டு. முற்றுகையிட்ட மூவேந்தரிடம், யானையாலும் வாளாலும் பறம்பைக் கொள்ள இயலாது, சிறிய யாழை மீட்டி, விறலியர் பின்தொடர, ஆடியும் பாடியும் சென்றால் நாட்டையும் குன்றையும் சேர்த்தே தந்துவிடுவான் என்கிறார் கபிலர் (புறம் 109). எள்ளல்தான். ஆனால் வழக்கத்தில் இல்லாத ஒன்றை வைத்து எள்ள முடியாது. அதியமானை இழந்த ஔவையும் இதையே வேறு வகையில் சொல்கிறார்: கள் சிறிதாயின் எமக்கே தருவான், மிகுதியாயின் யாம் பாட, தான் மகிழ்ந்து உண்பான் (புறம் 235). அங்கே குடிப்பவனும் கேட்பவனும் ஒருவனே. வகுப்பறைகளில் இவ்விடங்களைச் சற்று வேகமாகக் கடந்துவிடுவதே வழக்கம்.

இதைப் பொற்காலமாக்கிப் பேச நமக்கு விருப்பமில்லை. பாணர் பசியோடு வந்தவர்கள் என்பதை ஆற்றுப்படைகள் மறைக்கவில்லை. கள்ளுக்கு எதிராக வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதினார். எனினும் கள்ளுண்பவனை அவர் அங்கே கடிந்தாரேயன்றிப் பாடுபவனை அல்ல.

பின்னாளில் இரண்டும் பிரிந்தன. செட்டிநாட்டின் செவ்வியல் இசை வீணை சகோதரர்களான சுப்பராமையர், சாம்பசிவையர் வழியே காரைக்குடியின் பெயரை உலகறியச் செய்தது. வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர் சுப்பராமையர். அவ்விசைக்கும் கள்ளுக்கடைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மதுவின் கதை அரசாணைகளின் கதையாயிற்று. 1937இல் சேலத்தில் தொடங்கிய விலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவியது; 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கையில். கள் போயிற்று, கடை இருக்கிறது. பக்கத்திலுள்ள 'பாரில்' நெகிழிக் குவளை கிடைக்கும், அவித்த முட்டை கிடைக்கும். பாடத்தான் ஆளில்லை.

பாடுவோர் எங்கே போனார்கள்? ஊர்த் திருவிழாக்களுக்கு. கரகாட்டமும் மெல்லிசையும் கலந்த இரவு நிகழ்ச்சிக்கு நம் பக்கத்துச் சுவரொட்டிகள் இட்டிருக்கும் பெயர் 'ஆடல் பாடல்'. கபிலர் மூவேந்தருக்குச் சொன்ன அதே இரண்டு வினைகள். இன்று அவற்றோடு செல்பவருக்கு நாடும் குன்றும் கிடைப்பதில்லை. காவல் நிலையத்தின் அனுமதிகூட எளிதில் கிடைப்பதில்லை. சட்டம் ஒழுங்கு கெடும் என்று மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை சென்ற மனுக்கள் பல. ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது என்னும் நிபந்தனைகளோடு, பங்கேற்போர் மது அருந்தக் கூடாது என்பதும் சேர்க்கப்படுவதுண்டு. முதலிரண்டும் நியாயமே. ஆனால் அம்மதுவை நண்பகல் 12 முதல் இரவு 10 வரை விற்பதும் அரசுதானே? விற்பனைக்குத் தடையில்லை; பாட்டுக்கு மட்டும் வழக்கறிஞர் வேண்டியிருக்கிறது. கலைஞரின் ஆண்டு வருமானமோ பங்குனி, சித்திரையின் சில இரவுகளுக்குள் அடங்கிவிடுவது.

குடித்தவர் கலகம் செய்வார் என்பதே அச்சமெனில், நிறுத்த வேண்டியது பாட்டையா? திருவள்ளுவர் நாளன்று மாநிலம் முழுதும் கடைகளை மூட முடிகிற அரசுக்கு, திருவிழா நடக்கும் ஓர் ஊரில் ஓரிரவு மூடுவது அத்தனை கடினமா?